ஜிபாரின் வாயிலிருந்து விழுந்தவை

சைகலின் மகள் ஜிபாருக்கு ஏழு மாதம் முடிந்த செவ்வாய்க்கிழமையன்று அவள் வாயிலிருந்து எழுந்த ஒலிகள் தரையில் விழத் தொடங்கின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு, ஏப்ரல் மாதம். கரபெல் கூட்டுப்பண்ணையில் ஆடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் ஆண்கள் எல்லோரும் கொட்டகைகளிலேயே கிடந்தார்கள். ஆகவே முதலில் பார்த்தவர்கள் பெண்கள்தான். குழந்தை பாசிமணியை விழுங்கிவிட்டது என்று பயந்த சைகல், அவளைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். தட்டத் தட்ட இன்னும் விழுந்தன. உதடு மூடித் திறந்து வந்தவை பூசணி விதை மாதிரித் தட்டையாக இருந்தன. நாக்கு நுனி பல் ஈறில் பட்டு வந்தவை பருப்பு அளவு. அடித்தொண்டையிலிருந்து வந்தவை பாதாம் கொட்டை போலக் கனத்து, விழும்போது டொக்கென்றன. சீறும் ஒலிகள் தவிடாக உதிர்ந்தன. மூக்கு வழியாக வந்தவற்றைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சை அடைத்துப் படக்கென்று வெடிக்கிற சில, வறுபடும் பார்லி போலத் துள்ளி அடுப்படிக்கு ஓடின. எங்கும் முட்டாமல் வாயைத் திறந்து விடுகிற ஒலிகள் மட்டும் விழவே இல்லை. அவற்றைத் தடுப்பதற்கு வாய்க்குள் ஒன்றும் இல்லாததால் குமிழிகளாக மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சல்லடை கேட்டு ஒருத்தி, புளித்த மாவு கேட்டு ஒருத்தி, ஒன்றும் கேட்கத் தோன்றாமல் சும்மா ஒருத்தி என்று வந்தவர்கள் எல்லோரும் போகும்போது முக்காட்டு நுனியில் ஒரு சிட்டிகை முடிந்துகொண்டுதான் போனார்கள். நாக்கில் வைத்தால் அந்த ஒலியை ஒரே ஒரு தடவை சொல்ல முடிந்தது, பிறகு கரைந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் தெருவில் கோழிகளைக் கூப்பிட்ட விதத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கூப்பிட்டதில்லை. கோழிகள் வரத்தான் செய்தன.

இரண்டு வாரத்தில் அதன் ஒழுங்கு பிடிபட்டது. குழந்தை தான் போட்டவற்றில் ஒன்றைக் கையில் எடுக்கும். எதிரில் இருப்பவர் வாயையே பார்க்கும். அந்த வாயிலிருந்து அதே ஒலி வந்தால் கையில் இருப்பதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளும். அது உள்ளே தங்கிவிடும், மறுபடி விழாது. வராவிட்டால் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றுகிற நேரம் காத்திருந்து கீழே போட்டுவிடும். இப்படி யார் வாய்க்கும் வேண்டாதவை தினம் ஒரு முறம் சேர்ந்தன. சைகல் அவற்றை வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளினாள்.

அந்தக் கூட்டித் தள்ளுகிற சத்தம் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த வீட்டில் நன்றாகக் கேட்டது. அது சைகலின் ஓரகத்தி ஊல்கானின் வீடு. மூத்த மருமகள். முப்பத்தெட்டு வயது, நல்ல உயரம், கோபம் வந்தால் மாவைப் பிசைவாள். அந்த வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமே கிடையாது. ஊல்கானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்வதில்லை. ஊல்கானின் மாமனார் பெயர் தெமிர்குல், அதில் இரும்பு இருக்கிறது. அவருடைய சகோதரர்கள் தாஷ்பாய், போரோன்பாய், ஆல்மாபெக் மூவரின் பெயர்களிலும் முறையே கல்லும் பனிப்புயலும் ஆப்பிளும் இருக்கின்றன. மற்ற வீடுகளில் இந்த நான்கு சொல்லோடு விட்டிருப்பார்கள். ஊல்கானுக்கு வாய்த்த மாமியார், அந்தப் பெயர்கள் எந்த ஒலியில் தொடங்குகின்றனவோ அந்த ஒலியில் தொடங்குகிற எந்தச் சொல்லும் மருமகள் வாயில் வரக்கூடாது என்று கல்யாணத்தன்றே சட்டம் போட்டுவிட்டாள். உதடு மூடுகிற ஒலி, நாக்கு நுனி பல்லில் படுகிற ஒலி, வாயை அகலத் திறக்கிற ஒலி என்று மூன்று ஒலிகள் போயின. இரும்பை அவள் கருத்தது என்றாள், கல்லைக் கனத்தது என்றாள், பனிப்புயலை வெள்ளைக் கோபம் என்றாள், ஆப்பிளைச் சிவந்த கன்னம் என்றாள். மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் விடவில்லை. அரசாங்கம் பதக்கம் தரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, பதினாறு வருடமாக அந்த மூன்று வாசல்களும் சாத்தியே கிடந்தன.

சைகல் நரின் நகரத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். மூன்று வருடத்துக்கு முன் சின்னவனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே மாமனாரைப் பார்த்து, "மாமா, அந்தக் கல்லு மேல உக்காராதீங்க, ஜில்லுன்னு இருக்கும். இந்தாங்க, ஆப்பிள் சாப்பிடுங்க" என்றாள். ஒரே மூச்சில் இரண்டு பெரியவர்களின் பெயர்கள். அடுப்படியில் நின்ற ஊல்கானின் கையிலிருந்த மாவு கீழே விழுந்தது. தெமிர்குல் கிழவர் என்ன செய்தார் என்றால், கல்லிலிருந்து எழுந்து ஆப்பிளைத் தின்றார். அவ்வளவுதான். பல் இல்லாததால் சுரண்டித் தின்றார். அதே வருடம், கடைசிப் பிள்ளை வீடுதான் தகப்பன் வீடு என்ற முறைப்படி அவர் சைகலின் வீட்டிலேயே தங்கிக்கொள்ள, ஊல்கானும் புருஷனும் முற்றத்தைத் தாண்டிப் புது வீட்டுக்குப் போனார்கள். ஊல்கான் வாயைக் கட்டிக்கொண்டு பரிமாறிய வருடங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை, தெரு அப்படித்தான்.

இப்போது அந்தச் சைகலின் குழந்தை மூன்று ஒலி இல்லை, முந்நூறு ஒலிகளை வேண்டுமட்டும் தரையில் இறைத்துக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த வீட்டில் சீன வகை மொழி பேசுகிற துங்கான் இனத்துப் பெண் ஹாலிமேயிடம் ஊல்கான் சொன்னாள்: "ஈறு மட்டும்தான் இருக்கு, ஊர்ல இல்லாத சத்தமெல்லாம் கொட்டுது. எனக்கு ஊர்ல இருக்கிற சத்தமே கிடையாது."

"உனக்கு வேணும்னா ரெண்டு பொறுக்கிக்க, யாரு கேக்கப் போறா?" என்றாள் ஹாலிமே, வெங்காயத்தாளைக் கட்டிக்கொண்டே.

அந்தப் பேச்சு ஊல்கானின் மனதில் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது ஹாலிமேக்குத் தெரியாது.

மே மாதம் தலைநகர் ஃப்ரூன்சேயிலிருந்து கிளாரா வந்தாள். மனிதர்கள் பேசுகிற ஒலிகளை ஆராய்கிறவள். முப்பத்திரண்டு வயது, கட்டைக் குரல், சிகரெட், கன்றுக்குட்டி எடையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. வந்தவள் குழந்தையைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை என்பதில் தெருவுக்குக் கொஞ்சம் வருத்தம். "எல்லாக் குழந்தையும் இப்படித்தாங்க. எங்க பொறந்தாலும் உலகத்துல இருக்கிற அத்தனை சத்தத்துக்கும் தயாராத்தான் பொறக்குது. மத்த வீட்ல கண்ணுக்குத் தெரியறதில்ல, இந்த வீட்ல தெரியுது" என்றாள். பிறகு காலித் தேயிலை டப்பாக்களைச் சுவரோரமாக வரிசையாக வைத்து, உதட்டில் பிறப்பவை வாசல் பக்கம், பல்லில் பிறப்பவை அடுத்து, அண்ணத்தில் பிறப்பவை நடுவில், தொண்டையில் பிறப்பவை அடுப்புப் பக்கம் என்று பிரித்துப் போட்டாள். அந்த வீட்டுச் சுவர் ஒரு பெரிய வாய் மாதிரி ஆயிற்று.

நாங்கள் ஒன்று என்று நினைத்து ஒரே டப்பாவில் போட்டிருந்த இரண்டு தொண்டைக் கொட்டைகளை அவள் தனித்தனியே எடுத்து வைத்தாள். ஒன்று நாக்கின் நடுவில் பிறப்பது, மற்றது இன்னும் பின்னால், குழிக்குள் பிறப்பது. இரண்டையும் நாங்கள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டு என்று தெரியாது. ஒரே அறை என்று நினைத்து வாழ்ந்த வீட்டில் இன்னொரு கதவைக் காட்டியது போல இருந்தது. கூரைக் குமிழிகளிலும் முன்வாயில் பிறந்தவை ஜன்னல் மூலையிலும், பின்வாயில் பிறந்தவை அடுப்பு மூலையிலும் தாமாகவே ஒதுங்கியிருந்தன. நம் பேச்சில் இந்த இரண்டு கோஷ்டியும் ஒரு சொல்லுக்குள் ஒரே பந்தியில் உட்காருவதில்லை, கவனித்துப் பாருங்கள் என்றாள் கிளாரா. கவனித்தோம், உண்மைதான். இத்தனை காலம் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பந்தி நடந்திருக்கிறது. ஹாலிமே மட்டும் சிரித்தாள். எங்களுக்கு ஒரே மாதிரி தெரிந்த மூன்று குமிழிகளை அவள் ஒட்டடைக் கோலால் தட்டித் தனித்தனியாகத் தள்ளி, "இது ஏறுது, இது எறங்குது, இது நேரா போகுது. மூணுக்கும் எங்க வீட்ல மூணு அர்த்தம். உங்களுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்லயா?" என்றாள்.

குதிரையை ஓட்ட நாங்கள் நாக்கைச் சொடுக்குகிறோமே, அந்த ஒலியை ஆப்பிரிக்காவின் தெற்கே சொற்களுக்குள் வைத்துப் பேசுகிறார்கள் என்று கிளாரா சொன்னபோது யாரும் நம்பவில்லை.

"அப்ப அங்க சண்டை போட்டா குதிரையெல்லாம் ஓடிப்போயிருமே" என்றாள் ஹாலிமே.

ஊல்கான் சிரிக்கவில்லை. அவள் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா சத்தம்தான் வரும், பேச்சு வராதுங்க அக்கா. ஒவ்வொரு ஜனமும் ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுருது. எதை விட்டோம்ங்கிறதுலதான் மொழியே இருக்கு."

இதைக் கேட்டு ஊல்கானின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. விடுவதில்தான் பெருமை என்றால் ஊரிலேயே பெரிய மொழி தன்னுடையது என்று கணக்குப் போட்டிருப்பாள். ஆனால் கிளாரா அதற்குள் சைகலின் பக்கம் திரும்பி, குழந்தைக்குத் தாய்ப்பால் எத்தனை தடவை என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் மாதம் மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது. சைகல், மடியில் ஜிபார், பக்கத்தில் கிளாரா, பின்னால் டப்பாக்கள். வலது ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை ஊல்கானுடையது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவள் தெரு முழுக்க வந்தாள். யாருடைய முழங்கை இது என்று நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் தெரியாதது போலக் கேட்டோம். பண்ணைத் தலைவர் சைகலைத் தன் வண்டியில் முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு போனார். ஹாலிமே அவளுக்கு முதல் வெள்ளரிக்காய்களைக் கொடுத்தாள். கிளாராவுக்கு அந்த வீட்டில் தினம் பாலாடையும் சுடச்சுடப் போர்சோக்கும் கிடைத்தன. எண்ணெயில் பொரியும் அந்த மாவின் வாசனை முற்றத்தைத் தாண்டி நேராக எதிர்வீட்டுக்குத்தான் போகும், காற்று அப்படி.

ஜூன் கடைசியில் ஊல்கான் சைகலிடம் வந்து, "நீ வேலைய கவனி. குழந்தை என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். சைகலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெகுளி. புல் அறுக்கும் காலம், கிளாராவும் கருவியைத் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் மலைகளில் கிழவர்களின் பேச்சைப் பதியப் போயிருந்தாள். ஆள் கிடைக்காத நேரம். அன்றிலிருந்து பகல் முழுக்க ஊல்கான் தொட்டில் அருகில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மாவு சலிக்கும் சல்லடையோடு. மாவு சலிக்கவில்லை என்பது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜிபார் அதுவரை தொண்டைக் கொட்டைகளிலேயே மும்முரமாக இருந்ததால் ஊல்கானின் மூன்று ஒலிகளும் இன்னும் அவள் வாய்க்குள் தங்கியிருக்கவில்லை; டப்பாக்களிலும் கூரையிலும் இருந்தவற்றை ஊல்கான் முதல் நாளே எடுத்துவிட்டாள். பூசணி விதை ஒன்று விழுந்தால் குழந்தையின் கை போவதற்குள் அவள் கை போனது. பருப்பு விழுந்தால் எடுத்தாள். அகலத் திறந்த வாயிலிருந்து பெரிய குமிழி ஒன்று கிளம்பினால் சல்லடையைக் கவிழ்த்துப் பிடித்தாள். அந்த மூன்று வகையைத் தவிர வேறு எதையும் அவள் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கச் சொடுக்குகள் காலடியில் உருண்டன, திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது தன்னுடையது மட்டும்தான். எடுத்ததையும் அவள் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. துணியில் முடிந்து மரப்பெட்டியில், மெத்தைகளுக்கு அடியில் வைத்தாள். சொல்வதற்கு இல்லை, வைத்திருப்பதற்கு. தனக்கு இல்லாதது எதிர்வீட்டிலும் இல்லை என்ற நிம்மதி அவளுக்கு ரொட்டியை இன்னும் மிருதுவாக்கியது. அந்த ஜூலையில் ஊல்கான் சுட்ட ரொட்டி போல நாங்கள் தின்றதில்லை.

ஆகஸ்டில் கிளாரா மலையிலிருந்து இறங்கி வந்து டப்பாக்களையும் குழந்தையின் வாயையும் சரிபார்த்தாள். மறுநாள் மறுபடி பார்த்தாள். மூன்றாம் நாள் சிகரெட்டை அணைத்துவிட்டு சைகலைக் கூப்பிட்டாள். "உலகத்துல எந்தக் குழந்தையும் முதல்ல பிடிக்கிறது மூணே மூணு சத்தம். உதட்டை மூடறது, நாக்கைப் பல்லுல வைக்கிறது, வாயைத் தொறக்கிறது. அதைவிட சுலபமே கிடையாது. இந்த வீட்ல எங்கெங்கயோ இருக்கிற சத்தமெல்லாம் இருக்கு, அந்த மூணு மட்டும் வாய்லயும் இல்ல, டப்பாலயும் இல்ல."

எங்கள் பேச்சில் அம்மாவுக்கு அபா, அப்பாவுக்கு அத்தா. இரண்டுக்கும் வேண்டியது அந்த மூன்றுதான். பதினொரு மாதக் குழந்தை சைகலைப் பார்த்துக் கையை நீட்டி, வாயைக் கோணி, தொண்டையிலிருந்து ஒரு கொட்டையை உருட்டிவிட்டுத் திணறியது. கூப்பிட வருகிறது, கூப்பிடக் கருவி இல்லை.

"அப்புறமா வந்துருமில்ல?" என்றாள் சைகல்.

"ஒரு வயசு ஆனா வாய் ஒரு முடிவுக்கு வந்துரும். உள்ள இருக்கிறது உள்ள, வெளிய இருக்கிறது வெளிய. அதுக்கு மேல எனக்குத் தெரியல, சைகல். நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஒரு வயதுக்கு ஐந்து வாரம் இருந்தது. சைகல் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதாள். அங்கே அழுதால் தெருவில் எல்லோருக்கும் கேட்கும் என்று நகரத்துக்காரிக்குத் தெரியாது. கிளாரா வீடு வீடாகப் போய்க் கேட்டாள்: தாய்மார்களே, எடுத்திருந்தால் கொடுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் இருந்தவற்றைக் கொடுத்தோம், அவற்றில் அந்த மூன்று இல்லை. ஊல்கான் வாசலில் நின்றபடி, "இங்க ரொட்டிதான் இருக்கு" என்றாள். அன்றே முடிச்சைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் மேல்சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு தடவை அவள் முற்றத்தைப் பாதி வரை தாண்டிவிட்டுத் திரும்பியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு தடவை கை மேல்சட்டைப் பொத்தான் வரை போயிற்று. அந்த நேரம் பார்த்து உள்ளே கிளாராவும் சைகலும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். கை இறங்கிவிட்டது.

ஒரு வயதானால் கட்டு வெட்டுகிற சடங்கு. குழந்தையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளி நூலால் பிணைத்து, தரைவிரிப்பில் நிற்க வைப்பார்கள். தூரத்திலிருந்து ஓடி வருகிறவர்களில் முதலில் வந்து சேர்பவர் கத்தியால் நூலை வெட்ட வேண்டும். வெட்டுகிறவரின் குணம் குழந்தைக்கு வரும். ஓட்டப் பந்தயம்தான் என்றாலும் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. சைகல் கிளாராவை முடிவு செய்தாள். உலகத்தின் எல்லா ஒலிகளும் தெரிந்தவள் வெட்டினால் மூன்று ஒலி வராதா என்று நினைத்திருக்கலாம், தாய் மனசு. கிளாராவுக்கு நுரையீரல் சரியில்லை என்பதால் மற்ற எல்லோரும் மெதுவாக ஓட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார்கள். முறைப்படி முதலில் கேட்டிருக்க வேண்டியது மூத்த ஓரகத்தியை. கேட்காதது போக, முந்தின நாள் சைகல் அவளிடம் வந்து, "அக்கா, நீங்க ஓட வேணாம், முட்டி வலிக்கும். நீங்க போர்சோக் பொரிச்சுருங்க, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், அதுதான் மோசம்.

"முட்டி யாருக்கு வலிக்குதுன்னு நாளைக்கு ஊரே சொல்லும்" என்றாள் ஊல்கான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, வெயில் நன்றாக இருந்தது. நெட்டிலிங்க மரத்திலிருந்து தரைவிரிப்பு வரை இருநூறு அடி. பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கிளாரா கடைசி சிகரெட்டை மிதித்து அணைத்தாள். தெமிர்குல் கிழவர் மற்ற கிழவர்களோடு மரியாதை வரிசையில் உட்கார்ந்திருந்தார். சைகல் விரிப்பில் மண்டியிட்டு, ஜிபாரைப் பின்னாலிருந்து அக்குளில் பிடித்து நிறுத்தியிருந்தாள். கைக்குட்டையை அசைத்ததும் பத்துப் பேர் மெதுவாக ஓடினார்கள், கிளாரா இருமிக்கொண்டு ஓடினாள். பாதித் தூரத்தில், எண்ணெய்ச் சட்டிப் பக்கத்திலிருந்து, கையில் ஜல்லிக்கரண்டியோடு, கனத்த பூட்ஸோடு, ஊல்கான் குறுக்கே நுழைந்தாள். மூத்த மருமகள் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. பதினாறு வருடமாக ஓடாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஓடினாள். கிளாரா விரிப்பைத் தொட இன்னும் எழுபது அடி இருக்கும்போது இவள் குழந்தையின் முன் மண்டியிட்டுவிட்டாள். கத்தியைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். சைகல் வெளிறிப்போனாள், ஆனால் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கத்தியை நூலருகே கொண்டுபோனவள் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். அப்போதுதான் அவள் கழுத்துப் பட்டியிலிருந்து ஒரு குமிழி வெளியே வந்தது. மெதுவாக, முகவாயைத் தொட்டு, காதோரமாக மேலே போயிற்று. பின்னால் இன்னொன்று. பிறகு ஏழெட்டுச் சேர்ந்து. ஓட்டத்தில் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. அவள் ஒரு கையால் நெஞ்சை அழுத்தினாள். அழுத்தியதில் பொத்தான் தெறித்து, பூசணி விதைகளும் பருப்புகளும் சரசரவென்று விரிப்பில் கொட்டின. இருநூறு பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றாள் சைகல், குழந்தையின் தலைக்கு மேலாக. "இதெல்லாம் ஜிபாரோடது."

ஊல்கான் தலையை நிமிர்த்தவில்லை. எழுந்து போயிருக்கலாம். நூலை வெட்டிவிட்டு ஜெயித்த முகத்தோடு போயிருக்கலாம். எங்கள் வாயெல்லாம் அதற்குள் பேச்சால் நிறைந்து, அவள் எப்போது நகர்வாள் என்று காத்திருந்தது. நகர முடியாமல் செய்தது குழந்தைதான். ஜிபார் குனிந்து ஒரு பூசணி விதையை எடுத்தாள், எதிரில் இருந்த வாயைப் பார்த்தாள். எதிரில் இருந்தது ஊல்கானின் வாய். சைகல் பின்னாலிருந்து, "பா, கண்ணு, பா, இங்க பாரு" என்று கெஞ்சினாள்; குழந்தை திரும்பவில்லை. ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றுகிற நேரம்தான் காத்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிக் கிண்ணம் ஆயிற்று. முக்கால் கிண்ணம் ஆயிற்று. விதையைப் பிடித்திருந்த விரல்கள் லேசாகத் தளர்ந்தன.

ஊல்கானின் உதடுகள் மூடின, திறந்தன. பானை என்றோ பசு என்றோ எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் சாத்திய வாசலுக்குப் பின்னால் முதலில் நின்றவர்கள்தானே முதலில் வெளியே வருவார்கள்.

"போரோன்பாய்" என்றாள்.

புருஷனின் பெரியப்பா பெயர். பெண்கள் வரிசையில் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தை விதையை வாயில் போட்டுக்கொண்டு பருப்பை எடுத்தது. "தாஷ்பாய்" என்றாள் ஊல்கான். பருப்பும் உள்ளே போயிற்று. மூக்கருகே மிதந்த குமிழி ஒன்றைக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்தது. "ஆல்மாபெக்" என்றாள். மூன்றும் ஆயிற்று, குழந்தைக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணீர் ஒழுக, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "தெமிர்குல்."

ஊரில் எல்லோரும் அவரை அத்தா என்பார்கள், பண்ணை அலுவலகத்தில் தோழர் என்பார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவருடைய தம்பி ஆல்மாபெக். அவர் போய் ஆறு வருடம். கிழவர் கோபப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம், சிலர் ஆசையோடும் நினைத்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்கேம்மா" என்றார். "இங்கதான் இருக்கேன்."

ஊல்கான் நூலை வெட்டினாள். ஜிபார் சைகலின் கையிலிருந்து விடுபட்டு ஒரு எட்டு வைத்து, இரண்டாவது எட்டில் தடுமாறி, மூன்றாவதில் ஊல்கானின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, "அபா" என்றாள்.

சைகலின் கைகள் குழந்தையைப் பிடித்திருந்த அதே அளவில் விரிந்தபடியே இருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் குழந்தை அவளையும் அபா என்று கூப்பிட்டது. ஒரு தடவை இல்லை, முப்பது தடவை. இருந்தாலும் முதல் தடவை முதல் தடவைதான், அது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. அந்த நேரத்திலிருந்து ஜிபாரின் வாயிலிருந்து எதுவும் விழவில்லை. கிளாரா டப்பாக்களைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு ஃப்ரூன்சே போனாள். ஊல்கானை யாரும் திருடி என்று சொல்லவில்லை, சொல்ல நேரம் கொடுத்தால்தானே. இரண்டு மாதம் அவள் கல், இரும்பு, பனிப்புயல், ஆப்பிள் எல்லாவற்றையும் அவற்றின் சொந்தப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் நடந்தாள்; தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. அவை முடிந்ததும் எதிரில் எது வந்ததோ அதையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்களுக்குக் காது வலித்தது.

தெமிர்குல் கிழவர் இப்போது விடிந்ததும் முற்றத்தைத் தாண்டிப் போகிறார். ஊல்கான் கதவைத் திறந்து பெயரைச் சொல்வாள். அவர் இருக்கேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். இதைப் பார்த்துச் சைகலும் ஒரு நாள் தன் வாசலில் நின்று, நல்ல சத்தமாக, "தெமிர்குல்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பி, "என்னம்மா, மாடு அவுத்துக்கிச்சா?" என்றார். எல்லாவற்றையும் சொல்கிற வாயிலிருந்து வந்தால் அவருக்கு அது பெயராகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து சைகல் சில சொற்களை விட்டுப் பார்க்கிறாள். கல்லைக் கல் என்று சொல்வதில்லை. பதினாறு வருடம் ஆகும், ஆகட்டும் என்கிறாள்.

எழுபத்துமூன்றில் அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்தில் அவன் வாயிலிருந்தும் விழ ஆரம்பித்தன, இந்தத் தடவை கொஞ்சம் பெரிய விதைகள். பகலில் அவனை யார் பார்த்துக்கொள்வது என்பதில் சண்டை வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெருவரை உருண்டு வருகிற விதைகள் வழி மறிக்காமல் இருந்தால் போதும் என்று நாங்கள் பூட்ஸால் ஒதுக்கிவிட்டு நடக்கிறோம்.